மோட்டார் நிக்க மாட்டேங்குது: ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் நாப்பது வயசு டிப்ரஷனும்

போன சனிக்கிழமை பதினொன்றரை மணி இருக்கும், லேப்ல கூட்டம் கொஞ்சம் குறைஞ்சுது, டீ குடிக்கலாம்னு கிளவுஸை கழட்டுறேன், ஒருத்தர் வந்து நின்னாரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கையில ஹெல்மெட். "மேடம், கார்ட்டிசால் டெஸ்ட் ஒண்ணு எடுக்கணும்"னாரு. டாக்டர் சீட்டு இருக்கான்னு கேட்டா இல்ல, போன்ல ஒரு ரீல் காட்டுறாரு. முகம் உப்புனா கார்ட்டிசால், தொப்பை போட்டா கார்ட்டிசால், ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா கார்ட்டிசால், எதுலயும் மனசு ஒட்டலைன்னா அதுவும் கார்ட்டிசால்தானாம், கடைசில ஒரு பொடி டப்பா, ஆஃபர்ல. "எனக்கு இதுல நாலுமே இருக்கு மேடம்"னு சொன்னாரு, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, ஆனா கண்ணுல சிரிப்பு இல்ல.

பெங்களூர்ல பத்தொம்பது வருஷமா ரத்தம் எடுக்கிற வேலை பாக்குறேன். நான் டாக்டர் இல்ல, அதை மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா இந்த ரெண்டு வருஷமா கார்ட்டிசால்னு (ஸ்ட்ரெஸ் வந்தா உடம்புல கூடுற ஹார்மோன் அது) கேட்டு வர்றவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க, பாதிப் பேருக்கு அது என்னன்னே தெரியாது, மீதிப் பேருக்கு தப்பா தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு அவருக்கு சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

மொத குழப்பம் நம்ம தமிழ்லயே இருக்கு

"மன அழுத்தம்"னு ஒரு வார்த்தை வெச்சிருக்கோம். ஆபீஸ்ல டெட்லைன் இருந்தாலும் மன அழுத்தம், ஒருத்தர் மூணு மாசமா படுக்கையை விட்டு எந்திரிக்க முடியாம கெடந்தாலும் பேப்பர்ல மன அழுத்தம்னுதான் போடுறாங்க. ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் ரெண்டையும் ஒரே பையில போட்டு கட்டிட்டோம். அதனாலதான் "எல்லாருக்கும்தான் டென்ஷன் இருக்கு, நீ என்ன பெருசா"ன்னு வாய் கூசாம கேக்குறாங்க.

இந்த கட்டுரைக்கு இப்படி வெச்சுக்கலாம். ஸ்ட்ரெஸ்ன்னா வெளியில இருந்து வர்ற சுமையும் அதுக்கு உடம்பு காட்டுற பதிலும். சுமை இறங்குனா உடம்பும் இறங்கணும். டிப்ரஷன்ன்னா மனச்சோர்வு நோய். ரெண்டு வாரமோ அதுக்கு மேலயோ, அனேகமா தினமும், நாளோட பெரும்பகுதி மனசு இருண்டு கெடக்கும், இல்லைன்னா முன்ன பிடிச்சது எதுவுமே பிடிக்காம போயிடும். கூடவே தூக்கம், பசி, உடம்புல தெம்பு, கவனம் எல்லாம் தடம் மாறும், தன்மேலயே வெறுப்பு வரும், சிலருக்கு செத்துடலாம்னு கூட நெனப்பு வரும். சுமை இறங்கினாலும் இது பல நேரம் தானா இறங்காது, வித்தியாசமே அங்கதான்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாலம் இருக்கு, அதுல நிக்கிற ஆள்தான் கார்ட்டிசால். ஆனா பாலத்துல நிக்கிறவனையே குற்றவாளின்னு பிடிச்சு உள்ள போட்டுட முடியாது.

டின் ஃபேக்டரில ஒரு ஆட்டோ

நீங்க டின் ஃபேக்டரி பக்கம் வண்டி ஓட்டுறீங்க, ஒரு ஆட்டோக்காரர் இண்டிகேட்டர் போடாம குறுக்க திருப்புறாரு. பிரேக். நெஞ்சு திக்குன்னு அடிக்குது, கை வேர்க்குது. இது அட்ரினலின். செகண்ட் கணக்குல வரும், சீக்கிரமே போயிடும்.

கார்ட்டிசால் அப்படி பாஞ்சு வராது, நிதானமா வரும். அரை மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல உச்சத்துக்கு போகும். அதோட வேலை "இன்னும் கொஞ்ச நேரம் சமாளிக்கணும், சரக்கு ரெடி பண்ணு"ன்னு உடம்புக்கு சொல்றது. கல்லீரல் சர்க்கரையை ரத்தத்துல விடும், பிரஷர் விழாம பாத்துக்கும், வீக்கத்தை அடக்கும். ரெண்டு கிட்னி மேலயும் தொப்பி மாதிரி ஆளுக்கொரு சின்ன சுரப்பி உக்காந்திருக்கு, அட்ரினல் சுரப்பின்னு பேரு, ரெண்டு ஹார்மோனும் அங்க இருந்துதான் வருது. (ஹார்மோன்ன்னா ஒரு இடத்துல சுரந்து ரத்தத்து வழியா இன்னொரு இடத்துக்கு சேதி கொண்டுபோற ரசாயனம், அவ்ளோதான்.)

இன்னொரு விஷயம், பயந்தாதான் கார்ட்டிசால் வரும்னு இல்ல. தினமும் வரும், வரணும். விடியக்காலைல ஏற ஆரம்பிச்சு, நாம எந்திரிச்சு அரை மணி, முக்கா மணி நேரத்துல உச்சிக்கு போய், பகல் முழுக்க மெதுவா இறங்கி, நடுராத்திரி பக்கம் தரை தட்டும். காலைல நம்மள எழுப்பி உக்கார வைக்கிறதுல அதுக்கு பெரிய பங்கு. இது சுத்தமா சுரக்கலைன்னா மனுஷன் பிழைக்கவே முடியாது, 1855ல தாமஸ் அடிசன்னு ஒரு லண்டன் டாக்டர் அட்ரினல் கெட்டுப்போன நோயாளிகளை பத்தி எழுதி வெச்சாரு, அடிசன் நோய்னு அவர் பேர்தான் அதுக்கு. அதனால "கார்ட்டிசாலை டீடாக்ஸ் பண்ணுங்க"ன்னு யாராவது சொன்னா எனக்கு ரத்தத்தை டீடாக்ஸ் பண்ணுங்கன்னு சொல்ற மாதிரிதான் கேக்குது.

சுருக்கமா இதுவரைக்கும்: கார்ட்டிசால் விஷம் இல்ல, தினசரி தேவை. காலைல ஜாஸ்தி, ராத்திரி கம்மி. ஸ்ட்ரெஸ் வந்தா கொஞ்ச நேரம் கூடும், அப்புறம் இறங்கணும்.

மொட்டை மாடி டேங்க்

இறங்கணும்னு சொன்னேன்ல, யார் இறக்குறா? இங்கதான் விஷயமே இருக்கு, அதனால நிதானமா போலாம்.

பெங்களூர்ல வாடகை வீட்ல இருந்தவங்களுக்கு இது சுலபமா புரியும். கீழ சம்ப், மேல டேங்க், நடுவுல மோட்டார், டேங்க் உள்ள ஒரு சென்சார் தொங்கும். டேங்க் காலியானா மோட்டார் ஓடும், தண்ணி ஏறி சென்சாரை தொட்டா மோட்டார் தானா நிக்கும். அதாவது மோட்டாரை நிறுத்துறது அந்த மோட்டார் ஏத்துன தண்ணியேதான்.

மூளைலயும் இதே கதை. மூளைக்கு அடியில ஹைப்போதாலமஸ்னு ஒரு சின்ன பகுதி, அது ஆர்டர் போடும். அதுக்கு கீழ பட்டாணி சைஸ்ல பிட்யூட்டரி சுரப்பி, அது ஆர்டரை ரத்தத்துல அனுப்பும். அட்ரினல் அதை வாங்கி கார்ட்டிசாலை விடும். இந்த மூணு பேர் சங்கிலிக்கு ஹெச்பிஏ அச்சுன்னு பேர் வெச்சிருக்காங்க. இப்போ கார்ட்டிசால் ரத்தத்துல சுத்தி மூளைக்கே திரும்ப வருது, அங்க அதை பிடிக்கிறதுக்குன்னே செல்கள்ல பூட்டு மாதிரி அமைப்பு இருக்கு, ரிசெப்டார்னு சொல்வாங்க. சாவி போய் பூட்டுல விழுந்ததும் "போதும், நிறுத்து"ன்னு ஹைப்போதாலமஸ் ஆர்டரை நிறுத்திடும். தண்ணி சென்சாரை தொட்ட மாதிரி.

இந்த பூட்டுங்க நிறைய இருக்கிற ஒரு இடம் ஹிப்போகேம்பஸ். ஞாபகத்தை பதிய வைக்கிற பகுதி அது. புரூஸ் மெக்யூவன்னு அமெரிக்க விஞ்ஞானி, 1968ல எலிங்களை வெச்சு இதை காட்டுனாரு. ஸ்ட்ரெஸ் ஹார்மோன் உடம்போட நிக்கிறதில்ல, மூளைக்குள்ள வந்து ஞாபகத்தையும் மனநிலையையும் தொடுதுன்னு அப்பதான் ஆட்கள் சீரியஸா யோசிக்க ஆரம்பிச்சாங்க.

உப்பு படிஞ்ச சென்சார்

எங்க தெருவுல போர் தண்ணிதான். பக்கெட்ல ரெண்டு நாள் வெச்சா விளிம்புல வெள்ளை கோடு விழும். அந்த உப்பு டேங்க் சென்சார்லயும் படியும். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு தடதடன்னு சத்தம், எந்திரிச்சு போய் பாத்தா டேங்க் நெறஞ்சு வழிஞ்சு மாடிப்படி அருவியா ஓடுது, மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. கீழ்வீட்டு அக்கா நைட்டியோட ஓடி வந்து மெயினை ஆஃப் பண்ணாங்க. மறுநாள் பிளம்பர் சென்சாரை வெளிய எடுத்து காட்டுனாரு, சுண்ணாம்பு பூசுன மாதிரி இருந்துச்சு. தண்ணி தொட்டது, ஆனா சென்சாருக்கு தெரியல. அந்த உப்பை கொண்டு வந்ததும் அதே தண்ணிதான்.

நீண்ட நாள் ஸ்ட்ரெஸ்ல மூளைலயும் கிட்டத்தட்ட இதுதான் நடக்குதுன்னு நெனைக்கிறாங்க. கார்ட்டிசால் ஓயாம வந்து தட்டிக்கிட்டே இருந்தா பூட்டுங்க மந்தமாயிடும், "போதும்"ங்கிற சேதி சரியா கேக்காது, கேக்காததால ஆர்டர் நிக்காது. எலிகளுக்கு வாரக்கணக்குல ஸ்ட்ரெஸ் கொடுத்து பாத்ததுல ஹிப்போகேம்பஸ் நரம்பு செல்லோட கிளைங்க சுருங்குறதை பாத்திருக்காங்க, மனுஷங்கள்ல பல தடவை டிப்ரஷன் வந்தவங்களுக்கு சராசரியா அந்த பகுதி கொஞ்சம் சின்னதா இருக்கு. பிரேக் போடுற இடமே தேய்ஞ்சா வண்டி எப்படி நிக்கும்.

ஆனா டேங்க் உதாரணம் ஒரு இடத்துல உதவாது. அளவு மட்டும் பிரச்சனை இல்ல, நேரமும் பிரச்சனை. காவேரி தண்ணி முறை வெச்சு விடுற மாதிரி கார்ட்டிசாலுக்கும் முறை இருக்குன்னு சொன்னேன்ல, டிப்ரஷன்ல நிறைய பேருக்கு அந்த முறை கலைஞ்சு போயிடுது. ராத்திரி இறங்க வேண்டியது இறங்காம நிக்கும், இல்ல ஏற்ற இறக்கமே இல்லாம தட்டையாயிடும். விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்து, காலைல மனசு கல்லா கனத்து, சாயங்காலம் கொஞ்சம் லேசாகுறது ஒருவகை கடுமையான டிப்ரஷனோட அடையாளம், அந்த வகைலதான் கார்ட்டிசால் கோளாறு அதிகமா தெரியுது.

இது வெறும் ஊகம் இல்லன்னு எப்படி தெரியும்? ரெண்டு சாட்சி. ஒண்ணு, கட்டியால உடம்பு தானா கார்ட்டிசாலை அளவுக்கு மேல கொட்டுற குஷிங் நோய், ஹார்வி குஷிங்னு மூளை அறுவை நிபுணர் 1932ல விளக்குனது. அந்த நோய் இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல டிப்ரஷன் வருது, கார்ட்டிசாலை இறக்குனா நிறைய பேருக்கு மனசும் தேறுது. இன்னொண்ணு, ஸ்டீராய்டு மாத்திரை. ப்ரெட்னிசோலோன் மாதிரி மாத்திரைங்க கார்ட்டிசாலோட செயற்கை சொந்தக்காரங்க. ஜாஸ்தி டோஸ்ல சாப்பிடுறப்போ சிலர் ஒரேடியா குஷியாகி தூங்காம திரிவாங்க, சிலர் அழுதுக்கிட்டே இருப்பாங்க. (உங்க வீட்ல யாராவது ஸ்டீராய்டு எடுத்துக்கிட்டு மனசு மாறுன மாதிரி தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஆனா மாத்திரையை நீங்களா டக்குன்னு நிறுத்தாதீங்க, அது ஆபத்து.)

இந்த பகுதியோட சாரம்: ஓயாத ஸ்ட்ரெஸ்ல, கார்ட்டிசால் சுரக்குறதை விட அதை நிறுத்துற ஏற்பாடுதான் முக்கியமா கெடுது. அளவோட சேர்த்து நேரமும் குழம்புது.

அப்போ கார்ட்டிசாலை இறக்குனா டிப்ரஷன் போயிடுமா?

அந்த ரீல் சொல்றது இதுதான். இல்ல.

1981ல பெர்னார்ட் கரோல்னு ஒரு மனநல மருத்துவர் ஒரு டெஸ்டை முன்வெச்சாரு. ராத்திரி டெக்ஸாமெதசோன்னு ஒரு ஸ்டீராய்டு மாத்திரை குடுக்கணும். ஆரோக்கியமான மூளை "டேங்க் நெறஞ்சிருக்கு"ன்னு ஏமாந்து மறுநாள் சொந்த கார்ட்டிசாலை குறைச்சுக்கும். கடுமையான டிப்ரஷன் இருக்கிறவங்க நிறைய பேருக்கு குறையல. அடடா, டிப்ரஷனுக்கு ரத்தத்துலயே டெஸ்ட் வந்துடுச்சுன்னு எல்லாரும் குதிச்சாங்க. ஆனா போகப்போக பாத்தா டிப்ரஷன் இருக்கிற பல பேருக்கு ரிசல்ட் நார்மல், வேற நோய் இருக்கிறவங்களுக்கும் எடை ரொம்ப இறங்குனவங்களுக்கும் அப்நார்மல். கதை அங்கயே படுத்துடுச்சு. டிப்ரஷன் இருக்கிற எல்லாருக்கும் கார்ட்டிசால் கூடி இருக்காது, ஒரு பகுதி பேருக்குத்தான், சில வகைகள்ல நார்மலாவோ கம்மியாவோ கூட இருக்கும்.

மருந்தும் போட்டு பாத்தாச்சு. கார்ட்டிசால் பூட்டையே அடைக்கிற மிஃபெப்ரிஸ்டோன்னு ஒண்ணு, கடுமையான டிப்ரஷன்ல பெரிய ஆய்வுகள் வெச்சாங்க, டம்மி மாத்திரையை தெளிவா ஜெயிக்க முடியல.

காரணம், இது ஒன்வே ரோடு இல்ல. ஸ்ட்ரெஸ் கார்ட்டிசாலை குழப்பும், அது தூக்கத்தை கெடுக்கும், தூக்கம் கெட்டா மறுநாள் கார்ட்டிசால் இன்னும் குழம்பும், மனசு சோர்ந்தா ஆள் வெளிய போக மாட்டான், போகலைன்னா பேச ஆள் இல்ல, அதுவே ஒரு ஸ்ட்ரெஸ். பரம்பரை, சின்ன வயசுல பட்ட அடி, உடம்புல ஓடுற வேற நோய்ங்க எல்லாம் நடுவுல வந்து சேரும். சில்க் போர்டு ஜாமுக்கு எந்த வண்டி காரணம்னு கேட்டா என்ன சொல்வீங்க?

சரி, ஏன் நாப்பதுக்கு மேல?

நம்ம ஊர்லயே தகவல் இருக்கு. பெங்களூர்ல இருக்கிற மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் நடத்துன தேசிய மனநல ஆய்வு 2015-16ல 12 மாநிலங்கள்ல எடுத்தது, பெரியவங்கள்ல இருபதுல ஒருத்தர் வாழ்க்கைல எப்பவாவது டிப்ரஷனை பாத்திருக்காங்க. அதுல அதிகமா இருந்தது பெண்கள்கிட்ட, 40-49 வயசுக்காரங்ககிட்ட, பெரிய நகரங்கள்ல. பெங்களூர்ல நாப்பத்தாறு வயசுல இருக்கிற நான் இதை படிச்சப்போ ஒரு நிமிஷம் கம்முன்னு உக்காந்துட்டேன்.

இந்த வயசுல சுமை இறங்குற நேரமே கெடையாது. எங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி கே.ஆர்.புரத்துல ரயில் ஏறி காட்பாடில இறங்கி, அப்பாவை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் வரிசைல நின்னு, ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பி வந்து, திங்கக்கிழமை பொண்ணோட பியூசி ஃபீஸ், ஈஎம்ஐ. இருபது வயசுலயும் ஸ்ட்ரெஸ் இருந்துச்சு, ஆனா எக்ஸாம் முடிஞ்சா முடிஞ்சுது. மெக்யூவன் இந்த மாதிரி சேர்ந்துக்கிட்டே போற தேய்மானத்துக்கு 1993ல இன்னொரு விஞ்ஞானியோட சேர்ந்து ஒரு பேர் குடுத்தாரு, அலோஸ்டேட்டிக் லோடு. சமாளிச்சு சமாளிச்சே உடம்பு தேயுற கணக்குன்னு எடுத்துக்கலாம்.

எல்லா சுமையும் ஒண்ணு இல்லங்கிறதையும் சொல்லணும். லண்டன்ல அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல 1985ல இருந்து தொடர்ந்து கவனிச்ச வைட்ஹால் ஆய்வுல, மேல உக்காந்து முடிவெடுக்கிறவங்களை விட, சொன்னதை செய்யுற கீழ்மட்டத்துல இருந்தவங்களுக்குத்தான் இதய நோயும் மனநல பிரச்சனையும் அதிகமா தெரிஞ்சுது. வேலை நிறைய இருந்து அதுல நம்ம பேச்சு எடுபடாதது ரொம்ப கெடுதல். மேனேஜர் திட்டுனா பொறுத்துக்கிற ஆள், தன் அம்மா எந்த மகன் வீட்ல இருக்கணும்னு தன்னை கேக்காம முடிவு பண்ணதுக்கு உடைஞ்சு போறதை நான் பாத்திருக்கேன்.

உடம்பும் மாறுது. வயசு ஏற ஏற ராத்திரி நேரத்து கார்ட்டிசால் கொஞ்சம் மேலயே நிக்கும், ஆழ்ந்த தூக்கம் குறையும். பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நிக்கிறதுக்கு முந்தின சில வருஷங்கள் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி ஆட்டம் போடும், அந்த காலத்துல டிப்ரஷன் வர்ற வாய்ப்பு கூடுது. அதை "அந்த வயசு அப்படித்தான்"னு ஒதுக்கிடுறோம். ஆம்பளைங்ககிட்ட பல நேரம் அழுகையா வராம எரிச்சலா, குடியா வெளிய வரும், குடிச்சா தூக்கம் வரும்னு நெனப்பு, ஆனா ஆல்கஹால் தூக்கத்தையும் உடைக்கும், கார்ட்டிசாலையும் கிளப்பும். அப்புறம் தைராய்டு, பி12 குறைபாடு ரெண்டும் டிப்ரஷன் வேஷம் போடும், அதை டெஸ்ட்ல கண்டுபிடிச்சு மருந்து குடுக்கலாம்.

சோர்வோட போனா டாக்டர் பெரும்பாலும் எழுதுறது அந்த டெஸ்டுங்களைத்தான். கார்ட்டிசாலை எழுதுறது குஷிங், அடிசன் மாதிரி நோயை சந்தேகப்பட்டா. அதுக்கு காலைல எட்டு மணி வாக்குல ரத்தம் எடுக்கணும், இல்ல டாக்டர் சொல்ற நேரத்துக்கு. பதினொன்றரைக்கு, டிராஃபிக்ல திட்டு வாங்கிட்டு வந்து, ஊசியை பாத்து பயந்துக்கிட்டே குடுக்கிற ரத்தத்துல ஒரு நம்பர் வரும், அதை வெச்சு டிப்ரஷன் இருக்கு, இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலே அந்த நம்பர் ஏறிடும். ஸ்ட்ரெஸ்ல அட்ரினல் களைச்சுப் போச்சு, அது "அட்ரினல் ஃபேட்டீக்"னு சொல்றாங்களே, அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஏத்துக்கிறதே இல்ல. அஸ்வகந்தா பொடியை பொறுத்தவரை சின்ன ஆய்வுகள் சிலது இருக்கு, கல்லீரல் கெட்டுப்போன கேஸ்களும் பதிவாகியிருக்கு, இயற்கைதானேன்னு அள்ளிப் போட்டுக்கிற விஷயம் இல்ல.

டிப்ரஷனுக்கு வைத்தியம் இருக்கு, அது கார்ட்டிசாலை குறி வெச்சு அடிக்கிறது இல்ல. மாத்திரைங்க வேலை செய்ய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகும், அஞ்சாவது நாள் ஒண்ணும் ஆகலைன்னு விட்டுடுறாங்க பாருங்க, அது வேதனை. பேச்சு சிகிச்சை இருக்கு. தினம் நடக்கிறதும் ஒரே நேரத்துக்கு எந்திரிக்கிறதும் உதவும், ஆனா டிப்ரஷன்ல இருக்கிற ஆள்கிட்ட போய் "வாக்கிங் போ, சரியாயிடும்"னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க, அவருக்கு செருப்பை மாட்டுறதே மலை. செத்துடலாம்னு நெனப்பு வந்தா காத்திருக்கவே கூடாது. டெலி-மானஸ்னு அரசு போன் சேவை இருக்கு, 14416, காசு கெடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம்.

இவ்வளவும் அவருக்கு நான் ஒரே மூச்சுல சொல்லல, டீ ஆறிப் போற அளவுக்கு சொன்னேன். டேங்க் கதைல மட்டும் நிமிர்ந்து பாத்தாரு, அவங்க பில்டிங்லயும் சென்சார் போச்சாம். டெஸ்ட் எடுக்கல. திங்கக்கிழமை டாக்டரை பாக்குறேன்னாரு, அந்த டெலி-மானஸ் நம்பரை மட்டும் போன்ல ஏத்திக்கிட்டாரு. என்ன பேர்ல சேவ் பண்றதுன்னு கொஞ்ச நேரம் யோசிச்சாரு, வீட்ல எல்லாரும் போனை எடுப்பாங்களே. அப்புறம் "தண்ணி டேங்கர்"னு டைப் பண்ணாரு.